மூணு கிலோ குறைக்கப் பட்டினி எதற்கு?

கல்லூரியில் இப்போது யாரைக் கேட்டாலும் "டயட்ல இருக்கேன்" என்கிறார்கள். என்னப்பா டயட் என்றால், ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார்களாம். நானும் அந்த வீரச்செயலைச் செய்தவன்தான். ஐந்தாம் நாள் இரவு பத்தரை மணிக்கு, நாலு பரோட்டா சால்னாவோடு என் விரதம் இனிதே முடிந்தது!

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 160 கலோரி. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். பஜ்ஜி, போண்டா கணக்கு தனி. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி.

அதனால் நான் சொல்வது இதுதான். மூணு வேளைச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். டீயை இரண்டாகக் குறைத்து, சர்க்கரையைப் பாதியாக்குங்கள். சாயந்திரம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஐந்து நாள், தினம் அரை மணி நேரம், அவ்வளவுதான்.

மெதுவாகத்தான் குறையும். எனக்கு இரண்டு கிலோ இறங்க மூணு மாசம் ஆனது. ஆனால் பட்டினி கிடந்த நாட்களைப் போல மதிய வகுப்பில் தலை சுற்றவில்லை, யாரிடமும் எரிந்து விழவில்லை. இன்னும் ஒரு கிலோ பாக்கி.

பரோட்டா மாசத்துக்கு ஒரு முறை உண்டு. அதை மட்டும் விடுவதாக இல்லை!