கயிற்றை முந்திய தடையாணை

தூக்குத் தண்டனை இருந்தே தீரவேண்டும் என்பார், முறைமன்றங்கள் பலகால் ஆய்ந்தே உயிர்த்தீர்ப்பு வழங்குகின்றன என்கின்றனர். இராசீவ் காந்தி கொலைவழக்கில் 1998-இல் தடா முறைமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த ஆண்டே உச்ச முறைமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைப்பழியினின்று நீக்கி விடுவித்தது. அவ்வளவுதான் அந்த ஆய்வின் திண்மை!

தூக்கு உறுதியான நால்வருள் பேரறிவாளன் ஒருவர். 1991-இல் பத்தொன்பது அகவையில் பிடிபட்டவர். மின்கலங்கள் இரண்டு வாங்கித் தந்தார் என்பதே அவர்மேல் வைக்கப்பட்ட முதன்மைப் பழி. காவல் அலுவலர் எழுதிக்கொள்ளும் ஒப்புதலுரையைப் பொதுச் சட்டம் சான்றாக ஏற்பதில்லை. தடாச் சட்டம் ஏற்றது. 2011 செப்தம்பர் 9 எனத் தூக்குக்கு நாளும் குறித்தாயிற்று. பத்து நாள் இருக்கையில் சென்னை உயர் முறைமன்றம் தடுத்தது.

2013-இல், அவ்வுரையைப் பதிந்த நடுவண் புலனாய்வு அலுவலரே வாய்திறந்தார். மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாதெனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டாராம்! கோவலனை வெட்டுவித்த பாண்டியன் பிழையுணர்ந்த அப்பொழுதே உயிர்விட்டான். இவர்க்கோ அதைச் சொல்லவே இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

2014-இல் தூக்கு நீங்கிற்று. 2022-இல் பேரறிவாளன் விடுதலையானார். குறித்த நாளில் கயிறு இறுகியிருந்தால், ஈராண்டு கழித்து வந்த அந்த வாய்மொழி அற்புதம்மாளுக்கு எதைத் திருப்பித் தந்திருக்கும்?