கருவி சொன்னது 22, மண்ணில் இருந்தது 14

போன கோடையில தக்காளித் தோட்டத்துக்குன்னு ஒரு மண் ஈரமானி வாங்கினேன். காரிமங்கலம் பக்கம் கோடையில போர்வெல் தண்ணியைக் கணக்குப் பார்த்துத்தான் விடணும். கம்பியைக் குத்தினேன், 22 சதவீதம் காட்டுச்சு. சரி, இன்னும் ரெண்டு நாள் தாங்கும்னு விட்டுட்டேன். மறுநாள் மத்தியானம் சுருண்ட இலை சாயங்காலமும் நிமிரலை. அந்த வாரம் பூ பாதி கொட்டிடுச்சு. விற்றவர்கிட்ட கேட்டா, "கருவி கரெக்டுதான் சார்"னு சொல்லிட்டார்.

அப்புறம் நானே அளந்தேன். 200 மில்லி தண்ணி பிடிக்கிற பிவிசி பைப் துண்டை மண்ணுல அடிச்சு இறக்கி, உள்ள இருந்த மண்ணை அப்படியே எடுத்து, சமையல் தராசுல எடை போட்டேன். 322 கிராம். ஆய்வகத்துல இதை 105 டிகிரியில 24 மணி நேரம் காய வைப்பாங்க. நம்மகிட்ட ஏது அது? பழைய வாணலியில சிறு தீயில, எடை குறையறது நிக்கிற வரைக்கும் வறுத்தேன். (வீட்டுல வாங்கின திட்டு தனிக் கதை.) கடைசியில 294 கிராம். போனது 28 கிராம், அதாவது 28 மில்லி தண்ணி. 200-க்கு 28, ஆக 14 சதவீதம்.

எட்டுப் புள்ளி எங்கிருந்து வந்துச்சு? இந்த மாதிரி விலை குறைஞ்ச கருவிங்க ஈரத்தை நேரா அளக்கறதில்லை, மண்ணோட மின் குணத்தை வச்சுக் கணக்குப் போடுதுங்க. எங்க போர் தண்ணி உப்பு. உப்பு சேர்ந்த மண்ணுல மின்சாரம் நல்லாப் பாயும், கருவி அதையும் ஈரம்னு எடுத்துக்கும். கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா நேர்மாறா, குறைச்சுக் காட்டும்.

அளவு சரியா வந்தாலும் தீராது. அதே 14 எங்க செம்மண்ணுல பயிருக்குக் கொஞ்சம் தண்ணி மிச்சம்னு அர்த்தம். களிமண்ணுல பயிர் செத்துடும். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தோட கருவி எண்ணே காட்டாம நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு விளக்கு எரியும். சிவப்புன்னா உடனே தண்ணி விடணும். விவசாயிக்கு எளிசு, எனக்கும் பிடிச்ச யோசனை. ஆனா எந்த மண்ணுல எப்போ சிவப்பு எரியணும்னு யாராவது முன்னாடியே பார்த்து வச்சிருக்கணும் இல்லையா?

மானியத்துல கருவி கொடுக்கட்டும், வேணாங்கல. கொடுக்கறவங்க அந்தந்தத் தோட்டத்து மண்ணை ஒரு தடவை காய வச்சு, ஒப்பிட்டு, ஒரு அட்டையும் எழுதிக் கொடுக்கணும். ஈர மண், நடுத்தரம், காஞ்ச மண்ணுன்னு மூணு அளவு போதும். பூந்தொட்டியில மீட்டர் குத்திப் பார்க்கிற நகரத்து நண்பர்களும் இதைச் செஞ்சு பார்க்கலாம்.

என் கருவி மேல இப்போ ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கு: 31-ன்னா 24, 22-ன்னா 14, 15-ன்னா 8. பங்காளி கேட்டார்னு கொடுத்தேன். அவரோடது களிமண்ணு, சீட்டைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதணும்.