புல் வெட்ட சோலார் வேண்டாம், ஆள் வேண்டும்

ஆலயத் திடல் புல்லைப் பற்றி நம்ம வாட்ஸ்அப் குழுவில் மூணு நாளா ஓடுற பேச்சுக்கு, ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுற நாங்க நாலு பேரும் சேர்ந்து பதில் சொல்றோம்.

பழைய பெட்ரோல் மெஷின் போய்விட்டது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. உள்ளே தேவாரம் ஓத, வெளியே அது அலறியது போதும். இப்போ கேள்வி, கையால் தள்ளும் மெஷினா, சோலாரில் சார்ஜ் ஏறும் பேட்டரி மெஷினா?

சோலார் கேட்கிறவங்க 'கரண்ட் மிச்சம்' என்கிறார்கள். கணக்கைப் பாருங்க. 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரி பிடிப்பது 144 வாட்-மணி. ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான். சுவரில் சொருகி ஏற்றினால் பத்து காசு அளவுதான் ஆகும். இந்தப் பத்து காசை மிச்சம் பிடிக்க தகடு, வயர், கண்ட்ரோலர் என்று உண்டியல் பணத்தைப் போடணுமா? சில வருஷத்தில் பேட்டரி தேய்ந்தால் அதுக்கும் மறுபடி உண்டியலா?

கைமெஷினில் உருளை சுற்றும்போது கத்திகள் கீழே உள்ள இரும்புப் பட்டையோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும். பெட்ரோலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அப்பப்போ சாணை பிடிச்சு எண்ணெய் போட்டால் ஓடும்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டோம். நம்ம ஊர் மழைக்கு ரெண்டு வாரம் விட்டாலே புல் கணுக்காலைத் தொடும். அப்புறம் கைமெஷின் அதை மடக்கிப் படுக்க வைத்துவிட்டு மேலே ஓடும், வெட்டாது. வாரம் தவறாமல் ஆள் வந்தால்தான் அது உதவும்.

சண்டையே இங்கேதான். சோலார் கேட்கிறவங்களும், 'அப்பர் பெருமான் உழவாரம் பிடிச்சாரே, கைமெஷின் போதும்' என்கிறவங்களும் ஞாயிறு காலையில் எங்கே? போன மாசம் வெயிலில் நின்னு வெட்டியவர் எங்களில் மூத்தவர், 68 வயசு ஐயா. அப்பர் உழவாரத்தைத் தம் கையில் எடுத்தார். அடுத்தவர் கையில் கொடுத்துட்டு உபதேசம் பண்ணலை.

நிர்வாகத்திடம் நாங்க கேட்பது இரண்டு கைமெஷின். உங்களிடம் கேட்பது ஐந்து பெயர். ஐயாவை இனி தள்ள விடமாட்டோம். மீதி நாங்க மூணு பேர், நீங்க அஞ்சு பேர் என்றால் ஆளுக்கு மாசம் ஒரே ஞாயிறுதான் முறை வரும். ஐந்து பேர் வரலைன்னா, பேட்டரி மெஷினே வாங்குங்க, சுவரில் சொருகிக்கலாம்னு நாங்களே நிர்வாகத்திடம் சொல்லிடுவோம். ஐயாவின் முதுகை வைத்து மிச்சம் பிடிக்கிற காசு அம்மனுக்கு வேண்டாம்.

பெயரைக் கீழே போடுங்க. ஞாயிறு காலை 7.30. பசியாறல் எங்க பொறுப்பு.

ஓம் சக்தி 🙏