சாயர்புரம் மறந்த பாடம்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணிபுரியும் தலித் ஆசிரியர்களும் அலுவலர்களும் தமக்கென்று ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று கேட்கும் போதெல்லாம் ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது: "படித்தவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் தனியாக ஒரு சாதிச் சங்கம் எதற்கு?" இதை வேறு ஊர்க்காரர் கேட்டால் அறியாமை என்று விட்டுவிடுவோம். சாயர்புரத்தாரும் அதன் சுற்றுவட்டாரத்தில் பிறந்து பேராசிரியர்களானோரும் கேட்பதைத்தான் எங்களால் ஏற்க இயலவில்லை.

ஏனெனில் சாயர்புரமே தனியாகக் கூடியவர்களின் ஊர். கிறித்தவத்தைத் தழுவியதற்காகப் பழைய ஊர்களில் துன்புறுத்தப்பட்ட எளிய மக்களுக்கென நிலம் வாங்கி அமைக்கப்பட்ட முதல் குடியிருப்பு, 1799இல் உருவான முதலூர். அந்த வழியில் வந்ததுதான், சாயர் என்னும் வணிகர் வாங்கிய நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய சாயர்புரம். 1842இல் ஜி.யு. போப் இங்கே கல்விக்கூடம் தொடங்கியபோது, அதில் படிக்க ஓர் ஊரே காத்திருந்தது. ஒன்றாகக் குடியிருந்த பாதுகாப்பு முதலில் வந்தது. கல்வி அதன் பிறகே வந்தது.

இந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலோர் நாடார்கள். அன்று கோயில் நுழைவும் மறுக்கப்பட்டவர்கள். மதம் மாறாத நாடார்களும் கூடித்தான் எழுந்தார்கள். மகமை என்ற பொதுநிதி, 1910இல் நாடார் மகாஜன சங்கம், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. அந்த வங்கிதான் 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. இதையெல்லாம் வரலாறு 'முன்னேற்றம்' என்று எழுதுகிறது. அதையே இன்று தலித்துகள் செய்யப் புகுந்தால் 'பிரிவினை' என்று பெயர் வைப்பது எந்த நியாயம்?

சங்கங்கள் பின்னாளில் சுவர்களாகவும் மாறியதுண்டு என்பார்கள். மெய்தான். ஆனால் மேலே இருப்பவர் தம் இடத்தைக் காக்கக் கூடுவதும், கீழே தள்ளப்பட்டவர் தனிமையிலிருந்து மீளக் கூடுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உணராத நடுநிலை, நடுநிலையே அல்ல.

அந்தத் தனிமை எப்படிப்பட்டது? புதிதாகப் பணியில் சேர்ந்தவரிடம் ஆசிரியர் அறையில் முதல் நாள் கேட்கப்படுவது அவருடைய ஆய்வுத் தலைப்பு அன்று. "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?" கிறித்தவர் என்றால், "எந்தச் சேகரம்?" விடை கிடைத்ததும் கேட்டவர் முகம் மாறுவதைக் கண்டும் காணாததுபோல் அவர் தேநீரைக் குடித்து முடிக்க வேண்டும். இதை யாரிடம் முறையிடுவது? எந்தப் படிவத்தில் எழுதுவது?

சட்டம் தலையை எண்ணுகிறது, துணை நிற்பதில்லை. எண்ணுவதும் எளிதில் கிடைத்ததன்று. பல்கலைக்கழகம் முழுவதையும் விட்டுவிட்டுத் துறையையே இட ஒதுக்கீட்டின் அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் அதையே பின்பற்றச் சொன்னது. அந்த 13 புள்ளிச் சுழற்சியில் பட்டியல் சாதியினருக்கு உரியது ஏழாவது இடம். ஆறு பேர் கொண்ட துறையில் ஒருவரும் நுழைய முடியாது. நாடு முழுவதும் போராட்டம் எழுந்த பின்னரே 2019ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களில் பழைய முறையை மீட்டது. அந்தச் சட்டமும் சிறுபான்மை நிறுவனங்களைத் தொடவில்லை.

தலித் கிறித்தவரின் நிலை இன்னும் கொடிது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. அந்த ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறித்தவருக்கு விரியவில்லை. தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆக, பேச்சில் அவர் சாதி எல்லாருக்கும் தெரியும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவின் வாசலில் மட்டும் அவருக்குச் சாதி இல்லை!

பாகுபாட்டைத் தடுக்க மானியக் குழு 2012இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் மாணவரையே மனத்தில் கொண்டவை. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. மேலிருந்து வரும் ஏற்பாடுகள் மேலிருந்தே நிறுத்தப்படும். அமெரிக்காவிலும் இதையே காண்கிறோம். கறுப்பின மக்களுக்கும் பிறருக்குமாகப் பல்கலைக்கழகங்களில் திறந்திருந்த பன்முகத்தன்மை அலுவலகங்களை டெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒன்று 2024 தொடக்கத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களில் மூட வைத்தது. ஊழியர்கள் தாமே கட்டிய உறவை அவ்வளவு எளிதாக மூட முடியாது. அதே நாட்டில், தலித் மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர் சங்கங்களும் சேர்ந்து வலியுறுத்தியதால்தான் 2022 ஜனவரியில் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. கடல் கடந்தும் துரத்திய சாதியைக் கூடியவர்களால்தான் பெயர் சொல்லி அழைக்க முடிந்தது.

நாங்கள் கேட்பது பெரிதன்று. ஒரு கல்லூரியில் இரண்டு மூன்று பேரே இருப்பதால், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு கூட்டமைப்பு அமையட்டும். அதில் பேராசிரியரோடு கௌரவ விரிவுரையாளரும், அலுவலக உதவியாளரும், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளரும் ஒரே வரிசையில் அமரட்டும். சான்றிதழ் என்ன சொன்னாலும் தலித் கிறித்தவருக்கும் இடம் இருக்கட்டும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆண்டு முழுவதும் மூத்தவர் ஒருவர் துணை நிற்கட்டும். பணி உயர்விலோ ஒழுங்கு நடவடிக்கையிலோ அநீதி நேர்ந்தால், பாதிக்கப்பட்டவரோடு உடன் செல்லும் உரிமையை நிர்வாகங்கள் எழுத்தில் ஏற்கட்டும்.

ஏனையோர் செய்ய வேண்டியது ஒன்றே. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வராதீர்கள். கூட ஓர் அறையைத் திறந்து விடுங்கள். இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் நிலம் வாங்கிக் கொடுத்தபோது, "தனியாக எதற்கு?" என்று கேட்டிருந்தால் இந்த ஊர் இருந்திருக்காது.