கூரையைக் கேட்கும் சூரியத் திட்டம்

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய பசுமை வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கூரைக்கு ஒரு சிறிய சூரியப் பலகை. பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் கேட்டோம். "அஞ்சு லைட்டு எரிஞ்சுது தம்பி. நாலு வருசம் குறையில்லாம எரிஞ்சுது. அப்புறம் பெட்டி செத்துப்போச்சு" என்றார். பெட்டி என்று அவர் சொன்னது பேட்டரியை.

2011-12இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. 300 சதுர அடி வீடு, ஆண்டுக்கு 60,000 வீடுகள். தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. வீடுகளில் 29 சதவீதம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் நாம் பார்த்த பல ஊர்களில் சூரிய வெளிச்சம் ஊர்த்தெருவுக்கு முன்னால் காலனிக்கு வந்துவிட்டது. அரசின் ஒரு புதிய பொருள் நம்மிடம் முதலில் வந்தது அபூர்வம். வந்தது, எரிந்தது, அணைந்தது. பழைய வகை பேட்டரி நாலைந்து ஆண்டுதான் உழைக்கும், அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நாம் பேசியவர்களில் பலருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. புது பேட்டரி வாங்க வீட்டில் பணமும் இல்லை.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. பிரதமரின் 'சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியப் பலகை, அதற்கு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். முகவர்கள் இப்போது காலனிப் பக்கமும் வருகிறார்கள். "கரண்ட் பில்லே வராது" என்கிறார்கள். நாமும் போடலாமா என்று கல்லூரிப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நாம் சொல்லும் பதில்: இப்போது வேண்டாம். முதலில் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை மாற்றுங்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தத் திட்டம் நம்மிடம் எதையெல்லாம் கேட்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும்.

முதலில் அது கூரையைக் கேட்கிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத, உறுதியான இடம் வேண்டும். இன்று விற்கும் 540 வாட் பலகை ஒன்றே 25 கிலோவுக்கு மேல் எடை. அதோடு இரும்புச் சட்டம், புயல் காற்று தூக்காமல் இருக்க சிமென்ட் அடிக்கட்டை. நம் மாவட்டத்துத் தொகுப்பு வீடுகளைப் பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரியும் தளங்கள், மழைக்கு ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகள். ஃபெஞ்சல் மழையில் எத்தனை குடும்பங்கள் தளம் எப்போது விழுமோ என்று பயந்து பள்ளிக்கூடத்தில் படுத்தன என்பது நமக்குத் தெரியும். அந்தத் தளத்தின் மேல் பலகையை ஏற்ற மனசாட்சியுள்ள எந்த மேஸ்திரியும் சம்மதிக்க மாட்டார். ஆஸ்பெஸ்டாஸ், ஓலை வீடுகளைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

அடுத்தது பெயர். வீடு சொந்த வீடாக இருக்க வேண்டும், மின் இணைப்பு விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். நம் காலனிகளில் பட்டா தாத்தா பெயரில் இருக்கும், மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் ஓடும், வீட்டில் இருப்பது பிள்ளைகள். பெயர் மாற்ற வாரிசுச் சான்று, அண்ணன் தம்பி சம்மதம், தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை. பட்டாவே இல்லாமல் புறம்போக்கில் இருப்பவர்கள் இந்த வரிசையில் நிற்கவே முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். ஒரே சர்வீஸில் மூன்று அடுப்பு எரியும் வீடுகள் நம்மிடம் அதிகம். மகன்களுக்குக் கல்யாணமானால் அதே வீட்டைத் தடுத்துக் குடிவைக்கிறோம், மீட்டர் ஒன்றுதான். மூன்று குடும்பத்துக்கு 300 யூனிட் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 100 யூனிட்தான் கிடைக்கிறது. ஊர்த்தெருவில் பெரிய மனை, தனித்தனி வீடு, தனித்தனி மீட்டர். இடம் இல்லாதவருக்கு இலவச மின்சாரமும் குறைவாக வருகிறது. பில் ஏறுகிறது என்று முகவரிடம் போவதற்கு முன், தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்றாவது பணம். மானியம் முன்னால் வராது. பலகை மாட்டி, அதிகாரி வந்து பார்த்து, இணைப்பு கொடுத்த பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுத் தொகையை நாம் போட வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். அடமானம் இல்லாத வங்கிக் கடன் உண்டு என்று திட்டம் சொல்கிறது. மகளிர் குழுக் கடனே இரண்டு மூன்று ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் வங்கி அடுத்த கடனை எப்படிப் பார்க்கும் என்பதை வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஓடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2016 முதல் 100 யூனிட் இலவசம். மீதி 50 யூனிட்டுக்கு, 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி யூனிட் 2.35 வீதம், 117 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 705 ரூபாய். ஒரு கிலோவாட் பலகை மாட்ட சந்தையில் 65,000 முதல் 75,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். மானியம் 30,000 போனாலும் கைப்பணம் சுமார் 40,000. ஆண்டுக்கு 705 ரூபாய் மிச்சம் பிடிக்க 40,000 ரூபாய் போட்டால், போட்ட பணம் திரும்ப 50 ஆண்டுக்கு மேல் ஆகும். பலகையின் ஆயுளே 25 ஆண்டுதான். பலகை தரும் கூடுதல் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போகும், அதற்கு வரவு உண்டு என்பார்கள். உண்டு. ஆனால் அந்த வரவை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் முகவர்கள் சொல்வதில்லை. இந்தத் திட்டத்தில் பெரும்பாலும் மாட்டுவது பேட்டரி இல்லாத வகை. தெருவில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். புயல் நேரத்தில் உதவும் என்று நினைத்து மாட்டினால் ஏமாற்றம்தான்.

அதே 150 யூனிட் வீட்டில் மின்விசிறியை மட்டும் பார்ப்போம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். நாளைக்கு 12 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. இப்போது கடைகளில் 'பிஎல்டிசி' என்று ஒரு வகை வருகிறது; 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். இரண்டும் சேர்ந்து 43 யூனிட்தான் ஆகும். 65 யூனிட் குறைந்தால் 150 என்பது 85 ஆகிவிடும். 100க்குள் வந்துவிட்டதால் பில் பூஜ்யம். கூரையில் ஒன்றும் ஏற்றாமல், யாரிடமும் கடன் வாங்காமல்.

இந்த ஃபேன் விலை 2,500 முதல் 3,000 ரூபாய் வரை. சாதாரண ஃபேனைவிட ஆயிரம், ஆயிரத்து இருநூறு அதிகம். ஓடுகிற நல்ல ஃபேனைக் கழற்றிப் போட வேண்டியதில்லை. பழையது காயில் எரிந்து நிற்கும்போது ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப் போகாமல் இதை வாங்கலாம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஓடும் வீடாக இருந்தால் கணக்கே வேறு. 200க்கு மேல் யூனிட் 4.80 ஆகிவிடுவதால், இரண்டு ஃபேனை மாற்றினால் ஒவ்வொரு பில்லிலும் 250 ரூபாய் அளவு குறையும். அந்த வீடு பழையது பழுதாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்கும்போது ஸ்டார் முத்திரையைப் பாருங்கள். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் அது கட்டாயம்.

மற்றவை எளிது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தரும். மாட்டுக்கொட்டகையிலும் கழிப்பறையிலும் இன்னும் குண்டு பல்பு தொங்கினால் இன்றே மாற்றலாம். 2006இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த 14 அங்குல டிவி எங்காவது உயிரோடு இருந்தால் அதற்கும் ஓய்வு கொடுக்கலாம். எச்சரிக்கை வேண்டியது ஃபிரிட்ஜில். ஊர்த்தெருவிலோ நகரத்திலோ யாரோ கழித்துக் கட்டிய 15 ஆண்டுப் பழைய ஃபிரிட்ஜை 3,000 ரூபாய்க்கு வாங்கி வருகிறோம். இரவு பகல் நிற்காமல் ஓடி, இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். பணக்காரரின் பழைய பொருள் ஏழையின் வீட்டில் மீட்டரை ஓட்டுகிறது.

சிக்கனத்தோடு நம் பேச்சு முடிந்துவிட்டால் அது நியாயமாகாது. சூரியத் திட்டத்தில் யாருக்கு லாபம்? ஏசி ஓடி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டி, மாடி வீடும் கையில் பணமும் உள்ளவருக்கு. அவருக்கு 78,000 ரூபாய் பொதுப்பணம் போகிறது. போட்ட பணமும் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். நம்மிலும் அப்படி வளர்ந்த குடும்பங்கள் உண்டு. ஆசிரியர், போலீஸ், ரயில்வே வேலையில் இருப்பவர்கள், உறுதியான தளமும் தங்கள் பெயரில் இணைப்பும் இருந்தால் தாராளமாக மாட்டலாம். ஆனால் ஒழுகும் தளத்துக்குக் கீழே இருப்பவருக்கு இந்த 75,021 கோடியில் ஒரு ரூபாயும் வராது. விதியில் சாதி என்ற சொல் இல்லை. கூரை, பட்டா, கைப்பணம் என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. நம் ஊர்களில் அந்த மூன்றும் யாரிடம் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1943 அக்டோபரில் அதற்கான குழுவின் கூட்டத்தில், மின்சாரம் மலிவாக மட்டுமல்ல, தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்று வாதாடினார். வறுமையிலிருந்து மக்களை மீட்கும் கருவியாக அவர் அதைப் பார்த்தார். குறைவாகச் செலவழியுங்கள் என்று காலனிக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போவது அவர் வழி ஆகாது.

ஆந்திரம் வேறு வழியை எடுத்திருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாக அமைத்துத் தருவதாக 2025இல் அந்த அரசு அறிவித்தது. மத்திய மானியம் போக மீதியை அரசே ஏற்கும். வீட்டுக்காரர் கடன் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் இதைக் கேட்க நமக்குச் சட்டமே இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டம் 2024 பிப்ரவரியில் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ற நிதி நம் மக்களுக்குச் செலவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த நிதியில் முதலில் தளத்தைப் பழுது பார்க்க வேண்டும், பிறகு பலகையை ஏற்ற வேண்டும். கலைஞர் கனவு இல்லத்தில் இப்போது எழும் வீடுகளுக்கு 300 சதுர அடி கான்கிரீட் தளம் வருகிறது. தளம் புதிதாக இருக்கும்போதே பலகைக்கான அடிக்கட்டையும் குழாயும் வைத்துவிட்டால் செலவு குறைவு. கூரையே இல்லாத காலனியில் சமுதாயக் கூடத்தின் மேலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் மேலும் இடம் இருக்கிறது. கிராம சபையில் தீர்மானமாக எழுதிக் கொடுத்தால் இவை அலுவலகத்தில் ஒரு கோப்பாகவாவது மாறும்.

பராமரிப்பை மறந்தால் பசுமை வீட்டுக் கதைதான் திரும்ப நடக்கும். ஐடிஐ படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சூரியப் பலகை மாட்டவும் பழுது பார்க்கவும் 'சூர்யமித்ரா' என்ற பெயரில் மத்திய அரசின் பயிற்சி 2015 முதல் இருக்கிறது. காலனிக்கு ஒருவர் அந்த வேலை தெரிந்தவராக இருந்தால், நகரத்திலிருந்து ஆள் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

செஞ்சிப் பக்கத்துக் காலனியில் அன்று நம்முடன் அப்படி ஒரு பையன் வந்திருந்தான். ஐடிஐ எலக்ட்ரீஷியன் இரண்டாம் ஆண்டு. மூதாட்டி வீட்டுக் கூரைக்கு ஏறி, துணிகளை ஒதுக்கிவிட்டு, பலகையில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தான். கம்பி முனையைச் சுரண்டி மீட்டரை வைத்தான். வெயில் நன்றாக இருந்தது. 19 வோல்ட் காட்டியது.

"இது சாகலை பாட்டி, பெட்டிதான் போச்சு" என்று மேலேயிருந்து கத்தினான். "அப்போ பெட்டி எவ்வளவுடா ஆகும்?" என்று அவர் கீழேயிருந்து கேட்டார்.