மாசுக்குச் சாதி இல்லையாம்!

“மாசுக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது. நச்சு நீர் எல்லோரையும் ஒன்றுபோலத்தான் தாக்கும்.” சூழலியல் கருத்தரங்குகளில் இந்த வசனத்துக்குக் கைதட்டல் நிச்சயம். நானும் ஒரு காலத்தில் கைதட்டியவன்தான். பாலாற்றங்கரையில் கிணறு கிணறாக நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது.

முதுகலை ஆய்வுக்காக, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஒரு கிராமத்தின் நிலத்தடி நீரைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். ஊர்த்தெருவின் போர்கள் மேட்டில் இருந்தன, ஆழமாகப் போடப்பட்டிருந்தன. காலனிக்கு இருந்தது ஓர் அடிபம்பு. ஆலைக் கழிவு ஓடும் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரம், அதுவும் பள்ளத்தில். தண்ணீர் அடித்துக் கொடுத்த அக்கா, “இது சோறாக்க ஆவாது தம்பி, பருப்பே வேகாது” என்றார். குடிக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “கேன் வாங்குறோம். காசு இல்லாத அன்னிக்கு இதான்.”

என் அட்டவணையில் கிணற்றின் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை, அமிலத்தன்மை, மொத்தக் கரைந்த உப்பு என்று கட்டங்கள் இருந்தன. ‘எந்தத் தெரு’ என்று ஒரு கட்டத்தை நானாகச் சேர்த்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். “இது வேதியியல். சமூகவியல் இல்லை” என்றார். அந்த அடிபம்பு என் ஆய்வேட்டில் ‘எஸ்-11’ ஆனது. காலனியும் இல்லை, அக்காவும் இல்லை.

தோழர்களே, அறிவியலை நான் குறை சொல்லவில்லை. அறிவியல் போதவில்லை என்றுதான் சொல்கிறேன். மாசு எங்கிருந்து கிளம்பியது, எந்தப் பாறை வெடிப்பு வழியாகப் போனது என்று கேட்பது அறிவியல் என்றால், அது கடைசியில் யார் வயிற்றுக்குப் போனது என்று கேட்பதும் அறிவியல்தான்.

பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு ஆலைக்கு அனுப்புகிறார்கள். முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமிய உப்பு. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தால் கரைந்த உப்பைப் பிரிக்க முடியாது. அது அப்படியே மண்ணில் இறங்கும். குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். மூன்று இணைதிறன் கொண்டது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் கொண்டது நீரில் கரைந்து நிலத்தடி நீரோடு பயணம் போகும், புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ராணிப்பேட்டையிலோ, 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப்போனது. மழைதோறும் அது கரைந்து கீழே இறங்கியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட 28 ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அந்த 35,000 ஹெக்டேரைக் கொஞ்சம் கவனியுங்கள். சேதத்தை ஹெக்டேரில் அளந்தால் இழப்பீடு பட்டாவைத் தேடிப் போகும். பட்டா யாரிடம் இருக்கிறது? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்து, அதன் பின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமே கைமாறிப்போன நாடு இது. அந்த 35,000 ஹெக்டேரில் களை பறித்தவர், நாற்று நட்டவர், நிலம் பாழானதும் வேறு வழியில்லாமல் அதே டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர் எந்த ஹெக்டேரில் வருவார்? “ஆலையை மூடு” என்ற நிலவுடைமையாளரின் முழக்கத்திலும் அவர் இல்லை. “வேலை போய்விடும்” என்ற முதலாளியின் முதலைக் கண்ணீரிலும் அவர் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். ‘எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்கும்’ மாசு அன்று எந்த முதலாளியின் படுக்கையறைக்கும் போகவில்லை.

இனி கடலோரம். எண்ணூரில், கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகி ஆற்றின் அடியையே மாற்றிவிட்டன. தண்ணீரைச் சோதித்தால் அன்றைய நிலை தெரியும். வண்டலைச் சோதித்தால் பல பத்தாண்டுகளின் கதை தெரியும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் நுண்ணிய களிமண்ணோடு ஒட்டி அடியில் தங்கிவிடும். கிளறினால் மறுபடியும் எழும். நண்டு, இறால், ஆளி வழியாக மனித உடலுக்கு வரும். ஆய்வாளர்கள் இதையெல்லாம் துல்லியமாக அளந்து வரைபடம் போடுகிறார்கள்.

அந்த வண்டலுக்குள் நாள் முழுக்க நிற்பவர் யார்? இருளர் பழங்குடி மக்கள். படகில்லை, வலையில்லை. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். படகில் போகும் ஆய்வாளருக்கும் சேற்றில் நிற்கும் இருளர் பெண்ணுக்கும் ஒரே ‘மாசு அளவு’ என்று எழுதுவது என்ன கணக்கு? கசப்பான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீனவர்களுக்குள்ளேயும் இருளருக்குச் சம இடம் இல்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவ மக்கள் கையுறைகூட இல்லாமல் வாளியில் எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. அவர்களுக்காக நாம் குரல் கொடுத்தது சரி. சேற்றில் நிற்பவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னோமா?

‘தண்ணீரில் போய்ச் சாதியைக் கலக்கிறாயே’ என்று கேட்பார்கள். கலந்தது நானா? 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மகத் சவுதார் குளத்தில் நீர் அருந்தியதும், ஆதிக்கச் சாதியினர் 108 குடம் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். மனிதர் தொட்டால் தீட்டு, சாணம் ஊற்றினால் சுத்தம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டு இழுத்தடித்துவிட்டு, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது. தொட்டியில் மலம் கலந்தால் நமக்கு வன்கொடுமை என்று தெரிகிறது. அடிபம்பில் குரோமியம் கலந்தால் மட்டும் ஏன் ‘சுற்றுச்சூழல் பிரச்சினை’ ஆகிவிடுகிறது?

சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறு எந்த நீராதாரத்தையும் வழக்கமான பயன்பாட்டுக்கான தகுதி குறையும்படி கெடுப்பது வன்கொடுமை என்று 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது பிரிவே சொல்கிறது. ‘உள்நோக்கத்தை நிரூபிக்க முடியாது’ என்று வழக்கறிஞர்கள் சொல்லலாம். கால்வாயின் முனையில் சேரி இருப்பது தெரிந்தும் ஆண்டாண்டு காலமாகத் திறந்துவிடுகிறவனுக்கு உள்நோக்கம் இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தக் கேள்வியை அங்கே கொண்டுபோகும் வேலை நம்முடையது. சூழலியல் இயக்கம் பசுமைத் தீர்ப்பாயத்தோடு நின்றுவிடுகிறது. சாதி ஒழிப்பு இயக்கமோ இதைச் சூழலியலாளர் பாடு என்று விட்டுவிடுகிறது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேதியியலோ நிலவியலோ கடலியலோ படிப்பவராக இருந்தால், மாதிரி எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் எந்தத் தெரு, யார் குடிக்கிறார்கள், யார் இறங்கி நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். அடித்தால் மறுபடியும் எழுதுங்கள். முடிவு வந்ததும் தமிழில் ஒரே ஒரு தாளில் எழுதி, தண்ணீர் கொடுத்தவர் கையில் முதலில் கொடுங்கள். இழப்பீடு பற்றிய கோரிக்கை எழுதும் தோழர்கள் பட்டா இல்லாதவரின் கூலி இழப்பையும் உடல்நலத்தையும் முதல் வரியில் வையுங்கள்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. அந்த அக்காவுக்கு அவர் வீட்டுத் தண்ணீரின் அளவு என்னவென்று நான் போய்ச் சொல்லவே இல்லை. பேராசிரியர் அடித்தது ஒரு கட்டத்தைத்தான். திரும்பிப் போகாமல் இருந்தது நான். அந்தத் தாளை இப்போதுதான் எழுதி முடித்திருக்கிறேன். ‘எஸ்-11’ என்று இருந்த இடத்தில், காலனி அடிபம்பு என்று எழுதியிருக்கிறேன். இந்த வாரம் கொண்டுபோகிறேன்.