திருத்தி அனுப்பவும்

வானொலியில் ஒரு செய்தி என் கைக்கு வந்து ஒலிவாங்கிக்குப் போகச் சில நேரம் ஒரு நிமிடம்கூட ஆகாது. காட்டைப் பற்றி ஒருவர் கண்டறிந்தது ஓர் அறிவியல் ஆய்விதழில் வெளிவர, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பல மாதம் ஆகும். ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. இந்த வாரம் அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ‘காட்டு மர ஆராய்ச்சியா, நமக்கெதுக்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முனைவர் பட்டம் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், இது உங்கள் வீட்டுக் கதையும்தான்.

எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை என் சித்தப்பா மகள். மெராந்தி மரக்கன்றுகள் காட்டு நிழலில் எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் அவள் ஆய்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் தரவரிசையில் உள்ள ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவள் படிக்கும் இடத்தில் விதி. உபகாரச் சம்பளமோ மூன்று வருடத்துக்குத்தான். “பேப்பர் அனுப்பிட்டேன்பா” என்று அவள் ஒருநாள் சொன்னதும், தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வுபெற்ற சித்தப்பா மறுநாளே கடைக்காரரிடம் தமிழ்ப் பத்திரிகை ஒன்று எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் பக்கம் பக்கமாகத் தேடியிருக்கிறார். நம் வீடுகளில் ‘பேப்பர்’ என்றால் அது ஒன்றுதானே.

அவளுடைய தலைப்பில் நேரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மெராந்தி, கெருயிங், செங்கால் எல்லாம் டிப்டெரோகார்ப் என்ற ஒரே குடும்பம். மாமரம் போல ஆண்டுதோறும் இவை பூப்பதில்லை. இரண்டு வருடமோ, சில சமயம் பத்து வருடமோ சும்மா இருந்துவிட்டு, திடீரென்று காடு முழுக்க ஒன்றாகப் பூக்கும். விதைகளை உலர்த்திப் பெட்டியில் போட்டு வைக்கவும் முடியாது. விழுந்த சில நாள்களிலேயே முளைக்க வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். மூன்று வருட உபகாரச் சம்பளத்துக்குள் மரம் பூத்தது இவளுடைய அதிர்ஷ்டம். அந்தக் கன்றுகளுக்கு எண் கட்டி, மாதாமாதம் போய் அளந்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி எழுதியதுதான் அந்தக் கட்டுரை.

முதலில் அனுப்பிய வெளிநாட்டு இதழ் பத்தே நாளில் திருப்பிவிட்டது. கட்டுரை மோசம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் இதழின் எல்லைக்குள் இது வரவில்லை என்று ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார். அவள் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கென்னவோ அது அவ்வளவு பெரிய அடியாகத் தெரியவில்லை. எங்கள் நிலையத்துக்கும் நல்ல பாடல்கள் வரும். காலை நிகழ்ச்சிக்குப் பொருந்தாது என்று எடுத்து வைத்துவிடுவோம். ஆய்விதழ்களிலும் மதிப்பீட்டாளரிடம் போகும் முன்பே ஆசிரியர் மேசையில் நின்றுபோகும் கட்டுரைகள் ஏராளம். ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது என்பது இந்தத் துறையின் கண்டிப்பான ஒழுக்கம். ஆகவே ஓர் இதழில் கதவு மூடிய பிறகுதான் அடுத்த கதவைத் தட்ட முடியும். அந்த வகையில் பத்து நாளில் ‘இல்லை’ என்று சொன்ன ஆசிரியர் நல்லவர்தான்.

வெப்பமண்டலக் காட்டுக்கென்றே நம் நாட்டில் பெயர் பெற்ற இதழ் ஒன்று இருக்கிறது. ஜர்னல் ஆஃப் டிராபிகல் ஃபாரஸ்ட் சயன்ஸ் என்று பெயர். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம், நாம் ஃப்ரிம் என்று சொல்வது, 1988 முதல் அதை நடத்திவருகிறது. சனிக்கிழமை நடைப்பயிற்சிக்கு ஃப்ரிம் போகும் நம்மில் பலருக்கு, அங்கே இருந்து ஓர் ஆய்விதழ் வருவது தெரியாது. ஈயம் தோண்டிச் சீரழிந்த நிலத்தில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கப்பூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தின் உச்சியைத் தொடாது. நடுவில் ஆறு ஓடுவதுபோல் வானம் தெரியும். (நம் கற்பூரத்துக்கும் இந்த மரத்துக்கும் பழைய உறவு உண்டு. கப்பூர் மரத்துக் கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸில், 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைத் தமிழ் வணிகர்கள் விட்டுப் போயிருக்கிறார்கள். அது இன்னொரு வாரம்.)

அந்த இடைவெளி எதனால்? காற்றில் கிளைகள் உரசி நுனிகள் முறிவதால் என்று ஒரு விளக்கம் உண்டு. 1977இல் கெப்போங்கின் விஞ்ஞானி பிரான்சிஸ் இங் கப்பூர் மரங்களைக் கவனித்து எழுதினார்: உரசலுக்கான தடயம் இல்லை, பக்கத்து இலைகளின் நிழலை உணர்ந்து வளரும் நுனி நின்றுவிடுகிறது போலிருக்கிறது என்று. 1984இல் கோஸ்டா ரிக்காவில் சதுப்புநில மரங்களை ஆராய்ந்த வேறொரு குழு, அங்கே உரசல்தான் காரணம் என்றது. இரண்டு தரப்பும் தங்கள் மரத்தைப் பார்த்துத்தான் பேசுகின்றன. இப்படி ஒருவர் எழுதியதை இன்னொருவர் போய்ச் சரிபார்க்க வேண்டுமானால், எந்த மரம், எந்த இடம், எப்படி அளந்தார் என்பதெல்லாம் கட்டுரையில் இருந்தாக வேண்டும். ஆய்விதழ்கள் பிடிக்கும் பிடிவாதம் எல்லாம் அதற்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது இந்த மரங்களால்தான்.

பெயர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கடையில் ‘மெராந்தி’ என்றால் போதும், பலகையை இறக்கிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயருக்குள் எத்தனையோ இனங்கள். அதனால் லத்தீன் பெயர் வேண்டும், அதைச் சாய்வெழுத்தில் போட வேண்டும், அந்தப் பெயரை முதலில் சூட்டியவர் பெயரும் பக்கத்தில் வர வேண்டும். உலர்த்திய இலைக் கிளை ஒன்றைத் தாவரச் சேமிப்பகத்தில் கொடுத்து அதன் எண்ணைக் குறித்துவைப்பதும் நல்ல பழக்கம். இதில் ஒரு கூத்தும் நடந்தது. மெராந்தி தெம்பாகா என்ற மரத்தை இவள் ஷோரியா லெப்ரோசுலா என்றே எழுதியிருந்தாள். அவள் படித்த புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் 2022இல் ஷோரியா பேரினத்தைப் பிரித்துப் பங்கு போட்டதில், அது ரூப்ரோஷோரியா லெப்ரோசுலா ஆகிவிட்டது. மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் பிடித்துவிட்டார்.

ஆம், இரண்டாவதாக அனுப்பிய இதழ் கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பியது. நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: பெரிய திருத்தம் தேவை. இரண்டு மதிப்பீட்டாளர்கள். சம்பளம் இல்லாமல், தங்கள் வேலை முடிந்த இரவுகளில் வாசித்திருப்பார்கள். முதலாமவர் இதமானவர். இரண்டாமவர் முப்பத்தொரு கேள்வி கேட்டிருந்தார். அவற்றில் ஒன்றுதான் அவளை அழவைத்தது.

கேள்வி இதுதான். ‘வெளிச்சம் விழும் இடைவெளியில் அறுபது கன்றுகளை அளந்ததாகச் சொல்கிறீர்கள். அறுபதும் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. அப்படியென்றால் உங்களிடம் இருப்பது அறுபது சான்றா, ஒன்றா?’ காட்டியல் ஆய்வாளர்கள் நடுங்கும் கேள்வியாம் இது. ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் இந்தக் குறைக்கு ஒரு பெயரே வைத்தார். போலிப் பிரதி என்று தமிழில் சொல்லலாம். எனக்கு இது உடனே விளங்கியது. ஒரே வீட்டில் இருக்கும் பத்துப் பேரிடம் எந்த வானொலி கேட்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, பத்து வீட்டுக் கணக்கு என்று முதலாளியிடம் காட்டினால் விடுவாரா? அந்த வீட்டுப் பாட்டி எதை வைக்கிறாரோ அதைத்தான் பத்துப் பேரும் கேட்பார்கள். அந்த ஓர் இடைவெளியில் மண் நன்றாக இருந்திருக்கலாம், காட்டுப்பன்றி வராமல் இருந்திருக்கலாம். வெளிச்சம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரம்தான் வேறொரு மின்னஞ்சல் வந்தது. ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே’ என்று தொடங்கியது. இவள் இன்னும் மாணவி. உங்கள் மேலான கட்டுரையை ஏழு நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று டாலரில் ஒரு தொகை. ரிங்கிட்டில் கணக்குப் போட்டால் அவளுடைய ஒரு மாத உபகாரச் சம்பளத்துக்கு மேல். “அக்கா, கட்டிரலாமா? முடிஞ்சிரும்ல” என்று நள்ளிரவில் அனுப்பியிருந்தாள்.

கட்டணம் வாங்குவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. பணம் வாங்கிக்கொண்டு வாசிக்கவே வாசிக்காத இதழ்கள்தான் ஆபத்து. 2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் நிறைந்த, இல்லாத ஆய்வாளர்கள் பெயரில் எழுதிய ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ‘சயன்ஸ்’ இதழ் அந்தக் கதையை வெளியிட்டபோது பெரிய இடங்களே தலைகுனிந்தன. அப்படிப்பட்ட ஓர் இதழில் கட்டுரை வந்துவிட்டால், அதை வேறு எங்கும் மறுபடி கொடுக்க முடியாது. மூன்று வருடம் அட்டைக்கடி பட்டு அளந்தது ஒரு குப்பைக் கூடையில் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அந்தப் பட்டியலிலேயே போய்ப் பார்க்க வேண்டும். இதழே தன் பக்கத்தில் சொல்லிக்கொள்வதை நம்பக் கூடாது. இதையெல்லாம் நானாகச் சொல்லவில்லை, மறுநாள் அவளுடைய மேற்பார்வையாளர் சொன்னது. நான் அன்றிரவு சொன்னது ஒன்றுதான்: “முதல்ல தூங்கு.”

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘இன்னும் முடியலையா?’ என்று இரவுச் சாப்பாட்டின்போது நாம் கேட்கும் கேள்வி, அந்த ஏழு நாள் மின்னஞ்சலுக்குப் பெரிய உதவி செய்கிறது. கேட்காமல் இருக்க முடியாது, தெரியும். ‘என்ன கேட்டிருக்காங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய் திறந்து பேசும்.

இப்போது அவள் முப்பத்தொரு கேள்விக்கும் வரிசையாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒப்புக்கொண்டவை, எந்த வரியில் திருத்தினாள் என்ற குறிப்போடு; ஒப்புக்கொள்ளாதவை, ஏன் என்ற காரணத்தோடு. மதிப்பீட்டாளருக்கு மறுப்புச் சொல்லலாம் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. போலிப் பிரதிக் கேள்விக்கு மட்டும் வாயால் பதில் இல்லை. ஆரம்பத்தில் எண் கட்டிவிட்டு, நேரமும் பணமும் பற்றாமல் விட்டுவிட்ட கன்றுகள் வேறு நான்கு இடைவெளிகளில் நிற்கின்றன. நின்றால் அளக்க வேண்டும், செத்திருந்தால் செத்தது என்று எழுத வேண்டும். முடிவு முன்பு எழுதியதற்கு நேர்மாறாகப் போனாலும் போகலாம். அதற்கு ஆசிரியரிடம் கூடுதலாக இரண்டு மாதம் கேட்டாள். ஒரே வரியில் சரி என்று பதில் வந்துவிட்டது.

காட்டுக்குள் வழி காட்டுபவர் முதல் வருடத்திலிருந்தே கூட வரும் ஓராங் அஸ்லி பெரியவர். இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்வாராம். முதல் வரைவின் நன்றியுரையில் அவர் பெயர் விடுபட்டிருந்தது; இப்போது முதல் பெயராக இருக்கிறது. இந்த முறை அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சித்தப்பாவும் போகிறார். அட்டை ஏறாத காலுறை இரண்டு ஜோடி வாங்கியாகிவிட்டது. நாடா பிடிப்பவர் பெயரையும் நன்றியுரையில் போடலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். அது எத்தனையாவது பக்கத்தில் வரும் என்றுதான் சித்தப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.